தெரியாது டொக்டர்

வைத்தியர் வீட்டுக்குச் சனம் மருந்துக்காகப் போகிறது என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. சனம் போவது ஒரு வார்த்தைக்கு. "பயப்பிடாதையுங்கோ, சுகம் வரும்" என்ற அந்த ஒரு வார்த்தையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டால், போத்தலைத் திறக்கும் முன்பே பாதி வருத்தம் போய்விடும். எங்கள் டொக்டரின் அலுமாரியில் எல்லா மருந்துகளும் இருந்தன. அந்த வார்த்தை மட்டும் இருக்கவில்லை.

"சுகம் வருமோ, டொக்டர்?"

"வருமெண்டுதான் நினைக்கிறன். நிச்சயமாத் தெரியாது."

இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு வந்த சனம் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வரும். பணம் கொடுத்துத் 'தெரியாது' வாங்குகிற ஊர் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்பார்கள். ஊரார் அவருக்கு வைத்த பெயர் தெரியாது டொக்டர். அவருடைய சொந்தப் பெயர் நல்ல வேதாகமப் பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு.

சுன்னாகத்துக்குத் தெற்கே, வெங்காயமும் புகையிலையும் போடுகிற தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் ஊர். அவர் வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். கொழும்பில் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, ஏனோ வேலையை விட்டு எங்கள் ஊர் ரோட்டோரத்தில் வீடு வாங்கி வந்து சேர்ந்தார். முன்னறையில் டிஸ்பென்சரி. அதோடு ஒட்டிய அறையில் இரண்டு கட்டில்கள். ஏன் வேலையை விட்டாராம் என்று யாராவது கேட்டால் அப்பு, என் தகப்பனார், "அவரைக் கேட்டால் அதுகும் தெரியாதெண்டுதான் சொல்லுவார்" என்பார்.

சின்னப் பிள்ளைகள் நாங்கள் அவருடைய சயிக்கிளை மறித்து, "டொக்டர், இண்டைக்கு மழை வருமோ?" என்று கேட்போம். அந்த மனிதர் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, உண்மையாகவே வானத்தைப் பார்ப்பார். "வரலாம், மோனை. தெரியாது." நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போவார். பகிடி பண்ணுகிறோம் என்று தெரிந்தும் ஏன் ஒவ்வொரு முறையும் வானத்தைப் பார்த்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவரிடம் ஒரு கேள்வியும் இருந்தது. "மற்றவை எங்கை?" என்பது. ஒரு முறை காது நோவுக்கு மருந்தெடுக்க அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, மருந்துக் கொம்பனி ஆள் ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். இரத்தம் ஊறுகிற ரொனிக் ஒன்றை விற்க வந்தவர். அதைக் குடித்துச் சுகம் கண்ட பெரிய மனிதர்கள் எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். டொக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மற்றவை எங்கை?" என்றார்.

"ஆர், டொக்டர்?"

"குடிச்சும் சுகம் வராத ஆக்கள்."

"அவையள் ஏன் டொக்டர் எங்களுக்குக் கடிதம் எழுதப்போயினம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். குடியாமலே சுகம் வந்தவையும் எழுதேல்லை, பாருங்கோ."

வந்தவர் கடிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா வீடு வரும்வரை அந்த மனிதருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு வந்தாள்.

அவருடைய வேதக்கோயிலிலும் அதே கதைதான். போதகர் ஒரு முறை ஜெபக் கூட்டத்தில், ஜெபத்தினால் சுகம் பெற்ற ஒருவரைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி இவரைக் கேட்டாராம். இவர் எழுந்து நின்று, "ஜெபம் பண்ணின வீடுகளிலை செத்த ஆக்களையும் நான் பாத்திருக்கிறன் ஐயா. அவையளுக்கு ஆர் சாட்சி சொல்லுறது?" என்றாராம். டொக்டரின் மனைவி இதை அம்மாவிடம் சொல்லும்போது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தேவன் இல்லையெண்டு சொல்லுற மனிசன் இல்லை. ஒவ்வொரு நாளும் முழங்காலிலை நிக்கிறவர். ஆனா இந்த வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்."

இவையெல்லாம் சிரிக்கிற கதைகள். சிரிக்க முடியாததும் உண்டு. மருந்து வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களின் வீடுகளுக்கு அவர் தானாகவே போவார். அழைக்காத டொக்டர் படலையைத் திறந்துகொண்டு வந்தால் எந்த வீட்டுக்காரருக்கு மனம் பதறாது? "நாங்கள் கூப்பிடேல்லையே" என்பார்கள். "அண்டைக்குத் தந்த மருந்து கேட்டதோ எண்டு பாக்க வந்தனான்" என்பார் இவர். சுகம் வந்ததா, வரவில்லையா, வேறு யாரிடமும் போனார்களா, அந்த மருந்தை உண்மையில் குடித்தார்களா, கிணற்றடியில் ஊற்றினார்களா, எல்லாம் கேட்பார். ஒரு வீட்டில் அன்றைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. செத்தவரின் மகன் கருமம் முடித்து ஈரத் தலையோடு வந்து நிற்கிறான். இவர் போய், கடைசி நாட்களில் காய்ச்சல் காலையிலே கூடியதா, பின்னேரம் கூடியதா என்று கேட்டிருக்கிறார். அவன் அடிக்க வந்துவிட்டான். நாலு பேர் பிடித்து, டொக்டரை ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

அவரைப் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்லமாட்டேன். உயிர் தந்தவர் என்று சொல்ல வாய் வரும். அந்த வார்த்தையை அவரே ஒத்துக்கொள்ளமாட்டார்.

எங்கள் ஊருக்கு நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியாரும் இருந்தார். தங்கமான மனிதர். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் சால்வை, வாய் நிறைய வெற்றிலை, யாரைக் கண்டாலும் "என்ன ராசா" என்ற கதை. அவருக்கு ஊரில் இருந்த பெயர் பெரிது: அவர் கைவைத்த ஆள் செத்ததில்லை. இது பொய்யில்லை. அவர் வருத்தக்காரரின் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். நாடி தளர்ந்துவிட்டது என்று கண்டால் அந்தக் கையை மெல்லப் பாயில் வைத்துவிட்டு, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் எழுந்தால் வீட்டார் அழத் தொடங்குவார்கள். சாவின் வரவைக்கூட அறிந்த மனிதர் என்று ஊர் அவரைக் கும்பிட்டது.

டொக்டர் ஒரு நாள் எங்கள் படலையில் நின்று அப்புவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "நல்ல மனிசன். அவருக்கு என்னைவிட நாடி தெரியும்" என்றார் டொக்டர். "ஆனா அவர் எழும்பிப் போன வீடுகளிலை செத்த ஆக்களை ஆருடைய கணக்கிலை போடுறது?"

அப்புவுக்கு முகம் சுருங்கிவிட்டது. டொக்டர் போன பிறகு, "உது பொறாமை" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து வயதுப் பெட்டைக்கு வேறென்ன தோன்றும்?

அந்த வருடம் மாரி கழிந்ததும் ஊரில் நெருப்புக்காய்ச்சல், இங்கிலீசில் சொல்கிற டைபொயிட், வந்தது. முதலில் எனக்கு. சில நாள் கழித்துத் தம்பிக்கு. அவனுக்கு ஏழு வயது. நாலு பெண்பிள்ளைகள் பிறந்து, என்னைத் தவிர மூன்றும் கைக்குழந்தையிலேயே போன பிறகு, சந்நிதி முருகனுக்கு நேர்ந்து பெற்ற ஆண்பிள்ளை. அவனுக்குத் தலையிடி என்றால் பெரியப்பு தோட்டத்திலிருந்து ஓடி வருவார். பெரியப்பு அப்புவின் தமையன். எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் அவர் சொல்லாமல் நடக்காது.

அன்றைக்கு டொக்டரும் வந்தார், பரியாரியாரும் வந்தார். நான் பாயில் கிடந்தேன். காய்ச்சல் என்றாலும் காது நன்றாகக் கேட்டது. அந்தக் கதையை நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"சாப்பாடு குடுக்கவேணும்" என்றார் டொக்டர். "பால், முட்டை, குழைய அவிச்சுப் பிசைஞ்ச சோறு. கொஞ்சம் கொஞ்சமாய், அடிக்கடி."

பெரியப்பு திடுக்கிட்டார். "காய்ச்சலுக்கோ? சோறோ? இங்கிலீசு ஆஸ்பத்திரியிலையும் பார்லித் தண்ணிதானே குடுக்கிறவை?"

"ஓம். எனக்குப் படிப்பிச்சதும் பட்டினிதான். நானும் கனகாலம் அப்பிடித்தான் செய்தனான். இந்தக் காய்ச்சலிலை குடலிலை புண் வரும். சோறு பட்டால் புண் உடையுமெண்டு பயம். இப்ப வாற புத்தகங்களிலை வேறை மாதிரிச் சொல்லினம். பட்டினி கிடந்து மெலிஞ்சுதான் கனபேர் சாகினமாம். எனக்கும் அதுதான் சரியெண்டு படுது."

"அப்ப அந்தப் புண் உடையாதெண்டு சொல்லுறீரோ?" என்று அப்பு கேட்டார்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பதிலைச் சொல்ல முன்பு கண்ணாடியைத் துடைப்பது அவருடைய வழக்கம். நல்ல பதில் என்றால் கொஞ்சம் துடைப்பார். கெட்ட பதில் என்றால் நெடுநேரம் துடைப்பார்.

"உடையாதெண்டு சொல்லேலாது."

"சாப்பாடு குடுத்தால் பிள்ளை தப்புமோ?"

"இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளையளிலை கனபேர் நாங்கள் என்ன செய்தாலும் தப்பும். சிலபேர் என்ன செய்தாலும் தப்பாதுகள். நடுவிலை கொஞ்சப்பேர் நிக்குதுகள். மருந்தும் சாப்பாடும் உதவுறது அந்த நடுவிலை நிக்கிறதுகளுக்குத்தான். உங்கடை பிள்ளையள் எந்தப் பக்கமெண்டு எனக்குத் தெரியாது."

இதைவிட உண்மையான வார்த்தையை நான் பிறகு எந்த வைத்தியரிடமும் கேட்டதில்லை. அன்றைக்கு அது எங்கள் வீட்டில் இடியாக விழுந்தது. பரியாரியார் அப்புவின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, லங்கணம் பரம ஔஷதம், பட்டினிதான் பெரிய மருந்து எண்டு பெரியவை சும்மா சொல்லேல்லை. காய்ச்சலுக்குச் சோறு போடுறது நெருப்புக்கு நெய் வாக்கிறது. மல்லித்தண்ணியும் மூலிகைக் குடிநீரும் காணும். பிள்ளையை என்னட்டை விடும். நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. அந்தச் சொல்லுக்கு முன்னால் டொக்டரின் புத்தகம் எங்கே நிற்கும்? அப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  பெரியப்பு தீர்ப்புச் சொன்னார்.

"பெடியனை வைச்சு ஒண்டும் பரீட்சை பாக்கேலாது. அவனைப் பரியாரியார் பாக்கட்டும். பெட்டையை வேணுமெண்டால் டொக்டர் கொண்டுபோகட்டும். முட்டையெல்லாம் இந்த வீட்டு அடுப்பிலை ஏத்தேலாது."

அப்படித்தான் நான் டொக்டரின் வீட்டுக்குப் போனேன். என்னை யாரும் வெறுக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். அம்மா அழுதாள், அப்பு என் தலையைத் தடவினார். ஆனாலும் இரண்டு பிள்ளைகளில் எதை இழந்தால் தாங்கலாம் என்ற கேள்விக்குப் பதில் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

டொக்டரின் மனைவி எனக்கு முட்டையைப் பாலில் அடித்துத் தந்தாள். சைவ வீட்டுப் பிள்ளை நான், முதல் நாள் ஓங்காளித்தேன். பிறகு பழகிவிட்டது. சோற்றைக் குழைய அவித்து, மத்தால் கடைந்து, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். டொக்டர் ஒவ்வொரு முறையும் வந்து என் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்ப்பார். நோகிறதா என்று கேட்பார். இல்லை என்றால் மூச்சு விடுவார். அவருக்கும் பயமாக இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. சாப்பாடு கொடுக்கச் சொன்ன மனிதர் பயப்படுவார் என்று யார் நினைப்பார்கள்?

எனக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில் எங்கள் மாட்டுவண்டில் வந்து வாசலில் நின்றது. பெரியப்பு தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பரியாரியார் அன்று விடிய நாடி பார்த்துவிட்டு எழுந்துவிட்டாராம். "அண்ணை, இனி என்ரை கையிலை இல்லை" என்று பெரியப்புவிடம் சொல்லிக் கண்ணீர் விட்டாராம். தண்ணீர் குடிக்காமல் போனாராம்.

தம்பியை எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். நான் அவனை முதலில் அடையாளம் காணவில்லை. கன்னம் இல்லை. கண்கள் மட்டும் இருந்தன. டொக்டரின் மனைவி எனக்கு ஊட்டிக்கொண்டிருந்த கோப்பையை அந்தக் கண்கள் பார்த்தன.

"அக்கா, சோறோ?" என்றான். "எனக்கும்."

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருடம் ஆகியும் இதற்குப் பழகவில்லை.

டொக்டர் அவனுக்குச் சோறு கொடுக்கவில்லை. அவ்வளவு நாள் பட்டினி கிடந்த குடல் அதைத் தாங்குமோ என்று பயந்தார். பாலில் தண்ணீர் கலந்து சில கரண்டிகள் கொடுத்தார். அடுத்த நாள் பின்னேரம் தம்பி போய்விட்டான். டொக்டரின் கட்டிலில், டொக்டரின் கை அவன் கையில் இருக்கும்போது.

ஊர் கணக்குப் பார்த்தது. பரியாரியாரின் கையில் இருக்குமட்டும் உயிரோடு இருந்த பிள்ளை, டொக்டரிடம் போய் ஒரு நாளில் செத்தது. பரியாரியாருடைய பெயரில் ஒரு கீறலும் விழவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். தம்பியின் செத்தவீட்டில் அவர் அழுததுபோல் யாரும் அழவில்லை. தன் கையால் ஒருவரும் செத்ததில்லை என்று அவரும் முழு மனதாக நம்பினார். நம்பிக்கைக்கு அவரிடம் ஒரு குறையும் இல்லை.

அப்பு டொக்டரிடம் போனார். நான் இன்னும் அந்தக் கட்டிலிலேதான் இருந்தேன்.

"நீர் குடுத்த பாலாலைதான் பிள்ளை செத்ததெண்டு சனம் சொல்லுது. உண்மையோ?"

எந்த மனிதனும் இந்த இடத்தில் 'இல்லை' என்பான். உண்மையாகவே இல்லை என்றும் இருக்கலாம். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அப்பிடிப் படேல்லை. ஆனா இல்லையெண்டு சத்தியம் பண்ணேலாது."

அப்பு கையை ஓங்கினார். பிறகு, ஓங்கிய கையால் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "இனி எங்கடை வீட்டு ஆக்கள் ஒருத்தரும் இந்தப் படலை மிதிக்கப்படாது" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். டொக்டரின் மனைவி உள்ளே இருந்து கத்தினாள்: "இல்லையெண்டு ஒரு சொல் சொன்னால் என்ன, மனிசா? ஒரே ஒரு சொல்லு!"

தப்பிய பிள்ளையின் சீவியம் சுகமானது என்று நினைக்காதீர்கள். அம்மா எனக்குச் சோறு போடும்போது சில நாள் அவள் கை நடுவில் நின்றுவிடும். தம்பி பட்டினியில் கிடந்தபோது அவளிடமும் சோறு கேட்டிருக்கிறான், அழுது கேட்டிருக்கிறான். பரியாரியார் சொன்னபடி அவள் மறுத்திருக்கிறாள். பசியால் செத்தானா, காய்ச்சலால் செத்தானா? இந்த ஒரு கேள்விதான் அம்மாவின் மிச்சச் சீவியம். அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய மனிதரின் படலையை மிதிக்கக்கூடாது என்று அப்பு சொல்லியிருந்தார்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி அவருடைய வீட்டைத் தாண்டித்தான் போனது. படலையை மிதிக்காமல் ரோட்டிலே நின்று கதைத்தால் அப்புவின் சொல் மீறியதாகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அவர் என்னைக் கண்டால், "சாப்பாடு செமிக்குதோ? வயித்துக்குத்து ஏதுமோ?" என்பார். நான் வளர்ந்து, ஆசிரியையாகி, அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கிய பிறகும் இதே விசாரணைதான். ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன்.

"பரியாரியாரைப்போலை 'நான் பொறுப்பு' எண்டு அண்டைக்கு நீங்களும் சொல்லியிருந்தால், தம்பியையும் உங்களிட்டைத்தானே விட்டிருப்பினம்?"

"ஓம், விட்டிருப்பினம்." அவர் சயிக்கிளின் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். "அந்தச் சொல்லும் ஒரு மருந்துதான், பிள்ளை. சிலபேருக்கு அது மட்டுமே காணும். என்னட்டை அது இல்லை. இல்லாததை நான் எப்பிடிக் குடுக்கிறது?"

எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உண்மையைச் சொல்லிப் பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் என்று மனதுக்குள் பேசிக்கொண்டு போனேன்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம், கூப்பனுக்கு அரிசி வாங்கிய காலம். அதற்குள் அப்பு காலமாகிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். ஒரு நாள் அவளே, "டொக்டரட்டைப் போவம்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முழங்காலுக்கு மருந்து வேறு இடத்திலும் கிடைக்கும். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் போனபோது முன்னறையில் வேறு ஒரு பெண் மகனோடு இருந்தாள். நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் வாங்குப் பலகையில் இருந்தோம். அந்தப் பிள்ளைக்கும் நெருப்புக்காய்ச்சல். டொக்டரின் குரல் கேட்டது. கிழட்டுக் குரல், ஆனால் தெளிவான குரல்.

"பாலும் முட்டையும் குடுங்கோ. சோத்தைக் குழைய அவிச்சுக் குடுங்கோ."

"பட்டினி போடச் சொல்லுகினம், டொக்டர்."

"போடாதையுங்கோ. பட்டினி போட்டால் பிள்ளை தாங்காது. பயப்பிடாமல் குடுங்கோ."

நான் மற்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். நிச்சயமாத் தெரியாது என்ற அந்த வாலுக்காக. அது வரவில்லை. அந்தப் பெண் மகனைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வால் இல்லாமல் அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் கேட்டிருந்தாள். அவளுடைய கை என் கையைப் பிடித்தது. 

திரையை விலக்கிய டொக்டர் எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அம்மா முழங்காலைக் காட்டவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"டொக்டர் ஐயா, என்ரை பிள்ளை பசியாலையோ செத்தவன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அவ்வளவு நேரம் துடைத்ததை நான் பார்த்ததில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை.

"தெரியாது, தங்கச்சி."

அம்மா வாங்கில் இருந்துவிட்டாள். பிறகு முழங்காலைக் காட்டினாள். அவர் பார்த்தார், எண்ணெய் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அவள் என்னைவிட வேகமாக நடந்தாள். "அவருக்கே தெரியாதாம், பாத்தியே. அவ்வளவு படிச்ச மனிசனுக்கே தெரியாதாம்" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். அன்றைக்குத் தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் ஆட்டுக்குட்டியோடு சண்டை போட்ட கதையைச் சொன்னாள். அவன் போன பிறகு அவள் வாயில் அவனுடைய கதை வந்தது அதுதான் முதல் முறை.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"நேற்று அம்மாவுக்குப் பொய்தானே சொன்னனீங்கள்?"

"இல்லை."

"முதல் வந்த மனிசிக்கு நிச்சயமாச் சொன்னீங்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

"அது கனக்கப் பிள்ளையளைப் பற்றின கதை, பிள்ளை. கனக்கப் பிள்ளையளைப் பட்டினி போட்டால், சாப்பாடு குடுத்த பிள்ளையளைவிடக் கூடப்பேர் சாவினம். இவ்வளவு வருசமாய் வீடு வீடாய்ப் போய்ப் பாத்திட்டன். நான் மட்டுமில்லை, எத்தினையோ பேர் பாத்திருக்கினம். அது இப்ப தெரியும். ஆனா உம்மடை தம்பி ஒராள். அவன் சாப்பிட்டிருந்தால் தப்பியிருப்பானோ, அப்பிடியும் செத்திருப்பானோ எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. ஒராளை ரண்டு தரம் வாழவைச்சுப் பாக்கேலாது."

"அப்ப அந்தக் கனக்கப் பிள்ளையளைப் பற்றி அம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவ அதைக் கேக்கேல்லை."

"கேட்டிருந்தால்?"

"சொல்லியிருப்பன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுதான் தலையை நிமித்தேல்லை. எங்கை கேட்டுப்போடுவாவோ எண்டு பயந்துகொண்டு நிண்டனான்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலே போய்விட்டது. இவ்வளவு காலமும் அவருடைய வாயில் அந்தச் சொல் சுகமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அது அவரை அறுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது.

"அப்ப நான்? நான் சாப்பாட்டாலையோ தப்பினனான்?" என்று கேட்டேன்.

"நீரும் ஒராள்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் வெங்காயக் கட்டுகளைப் பிரித்து உலரப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "டொக்டரட்டைப் போனனியோ?" என்று கேட்டாள். ஊரில் எதை மறைக்கலாம்? ஓம் என்றேன்.

"நான் இரவு முழுக்க யோசிச்சனான், பிள்ளை. அந்த மனிசிக்குச் சோறு குடு குடு எண்டு சொன்னவரே. அப்பிடிக் குடுக்கிற வீடுகளிலை பிள்ளையள் தப்புதாமோ? எங்கடை வீட்டைப்போலை பட்டினி போட்ட வீடுகளிலை?"

அவர் பயந்து நின்ற கேள்வி. அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள்.

"அதுகும் தெரியாதாம், அம்மா" என்றேன்.

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"உனக்கு அவரைப்போலை அந்தச் சொல்லைச் சொல்லத் தெரியேல்லை, பிள்ளை" என்றாள்.

பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அவள் இருந்த காலம் வரைக்கும் அந்தக் கேள்வியை மறுபடி யாரிடமும் கேட்கவில்லை.